சஹருக்கு மூன்று குளிசை

ரமழான் பிறை 17, வியாழன்.

இன்று மருத்துவ மாணவர்களை நகர எல்லையிலுள்ள இடம்பெயர்ந்தோர் குடியிருப்புக்கு நோயாளிகளை வீடுவீடாகப் பார்க்க அழைத்துப் போனேன். திரும்பும்போது வேனில் மட்டக்களப்பு மாணவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“சித்தி உம்மா பகிடியான ஆள், சேர். நோன்பாம். மூண்டு வேளைச் சீனிக் குளிசையையும் சஹருக்கே ஒண்டாப் போட்டுடுறன் எண்டா.”

“நீர் என்ன சொன்னீர்?”

“மறக்காமப் போட்டாச் சரி எண்டன்.”

வேனைத் திருப்பினோம். சித்தி உம்மாவின் வீடு பூட்டியிருந்தது. மகளைப் பார்க்க உச்சமுனைத் தீவுக்குப் போய்விட்டார் என்றார்கள் அயலவர்கள். கைப்பேசி வேலை செய்யவில்லை. படகுக்காரர், “கடல்ல காத்துக் கூடிட்டு, டொக்டர். விடியச் சுபஹு தொழுதுட்டுத்தான் வெளிக்கிடலாம்,” என்றார்.

விடியுமுன் உண்ணும் சஹரோடு மூன்று நீரிழிவு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டுப் பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கிவிடுவார். நோன்புக் களைப்பென்று நினைத்துப் படுக்க விட்டுவிடுவார்கள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த மாதத்தில் முதலில் நோன்பா என்று கேட்க வேண்டும். அதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நானும் நோன்பாளி. ஆனால் காலை முழுவதும், எனக்கு வரவேண்டிய பேராசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போனவனைப் பற்றியே மாணவர்களிடம் பொருமிக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் சித்தி உம்மாவைப் பற்றி அவள் எழுதிய குறிப்பையும் படிக்காமல் கையெழுத்திட்டேன். கையெழுத்து என்னுடையது. அவன் பெயர் அதில் எங்கும் இல்லை.

இப்போதும் அழைத்துப் பார்த்தேன். மணி போகவில்லை.

முதல் படகில் போவேன். சஹருக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அதே நேரத்தில் உச்சமுனையில் சித்தி உம்மாவும் எழும்புவார்.