நாலாவது காம்புப் பால்

என் செல்லத் தங்கச்சிக்கு,

எங்கள் பால் பரிசோதனை லேபுக்கு நீ அனுப்பிய பால் சொக்கத் தங்கம். உன் மாடு அவ்வளவு யோக்கியமில்லையே என்று சந்தேகம் வந்தது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு என்று சொல்லி நானே கறந்து, காம்புக்கு ஒரு குட்டிப் பாட்டிலாக இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். மாட்டிடம் வாங்கிய உதையை, ஆபீஸில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

நாலாவது காம்புப் பாலில் என்சைம் ஏறியிருக்கிறது, மடிநோயின் அறிகுறி அது. பால் வெள்ளையாகத்தான் இருக்கும், மாடும் நன்றாகத் தின்னும். ஆனால் மடிக்குள் செல்கள் உடைந்து அது பாலில் கசிகிறது. நீ அந்தக் காம்பை விட்டுவிட்டு மற்ற மூன்றில் கறந்து அனுப்பியிருக்கிறாய்.

"டாக்டர் வேண்டாம்க்கா, வந்தா ஊசிதான் போடுவாரு" என்றாய். நான் வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்தேன். மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்த உன் மகனின் போர்வை கட்டிலில் இன்னும் மடிக்காமலே கிடந்தது.

ஊசி அவனைக் கொண்டுபோகவில்லையடி. நாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே காய்ச்சல் முற்றியிருந்தது. மாட்டுக்கு இப்போதுதான் ஆரம்பம். இந்தத் தடவை நேரம் இருக்கிறது. நாளைக் காலை மாட்டு டாக்டரோடு வருகிறேன். ஊசி போடும்போது தலையைப் பிடித்துக்கொள்ள, உன்னை விட்டால் அதற்கு இப்போது யாரடி இருக்கிறார்கள்?

உன் அக்கா