மேலே என்று ஒரு பக்கம் இல்லாத ஊர்

கரடியூர்ப் பொன்னிக் கண்ணுக்கு,

"ஏனுங்கக்கா, காஞ்சிபுரத்துல நின்னு பாத்தா நம்ம மலை தெரியுமுங்களா?" ஸ்டாஃப் ரூமில் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டே நீ கேட்டாய். சமூக அறிவியல் டீச்சரான எனக்கே பதில் தெரியவில்லை. "ஒருக்கா போய்ப் பாத்துட்டாப் போச்சு" என்று சமாளித்தேன்.

உன் முன்னோர் காஞ்சியிலிருந்து சாமியைச் சுமந்து சேர்வராயன் மலைக்கு வந்தவர்கள் என்று உங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தூரத்தில் மலையைக் கண்டுதான் கிளம்பினார்கள் என்பது உன் கட்சி. காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்த நான் விடுவேனா? "ராஜா ஊர்ப் பொண்ணு வருது, சேரைத் தொடச்சுப் போடுங்க" என்பேன். "நல்லாத் தொடைங்கக்கா. சாமி தூக்குன கை, நொம்ப வலிக்குது" என்று உட்கார்வாய்.

ரிட்டையரானதும் சேர்ந்து போவதாக இருந்தோம். நீ முந்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டாய்.

"முட்டி வலியோட எதுக்கும்மா? போன்லயே காட்டறேன்" என்றான் மகன். போனில் தெரிவது வேறு யாரோ பார்த்தது. போன மாதம் சேலம் இறங்கி பஸ் ஏறிவிட்டேன்.

கைலாசநாதர் கோயிலில் மணற்கல் சிங்கங்களைப் பார்த்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவர் முழுக்கப் பல்லவ ராஜாக்களின் கதை. முடிசூட்டு, யானை, போர். மூட்டை சுமந்து ஊரை விட்டுப் போகிறவர் யாராவது உண்டா என்று கல் கல்லாகத் தேடினேன். என் கண்ணுக்குப் படவில்லை. டி.சி. வாங்கிப்போன பிள்ளையை வகுப்பு போட்டோவில் தேடுவது போலத்தான். போட்டோவில் இல்லாததால் அந்தப் பிள்ளை நம்மிடம் படிக்கவில்லை என்று ஆகுமா?

வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், "தம்பி, மேலே போற ரோடு எதுங்க?" என்று கேட்டுவிட்டேன். மலையில் நமக்குக் கிழக்கு மேற்கு ஏது, மேலே கீழேதானே?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேலயா? இங்க எல்லாம் ஒரே மட்டம்மா. மேலன்னா கோபுரத்து மேலதான் ஏறணும்."

சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது: எல்லாம் ஒரே மட்டம் என்றால் மலை எங்கே? லாட்ஜுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்து மெல்ல மொட்டைமாடி ஏறி, நம்ம மலை இருக்கும் தென்மேற்கே பார்த்தேன். தென்னை மரங்கள், ஒரு செல்போன் டவர், அதற்கப்பால் வானம். மலை இல்லை, பொன்னி.

அப்படியானால் கண்ணில் படாத இடத்தை நம்பியா சாமியைத் தூக்கினார்கள்? எந்தப் பக்கம் என்று யார் சொன்னது? திரும்பிவிடலாம் என்று வழியில் யாரும் சொல்லவில்லையா?

உன் கட்சி தோற்றுவிட்டது என்று உன் ஆட்கள் வருத்தப்படலாம். ஆனாலும் வருகிற சேர்வராயன் கோயில் திருவிழாவில் உன் அண்ணனிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன்: மலை தெரியாமலே மலைக்கு வந்தவர்கள் நீங்கள். அவருக்கு நானே நாற்காலியைத் துடைத்துப் போடுவேன், கிண்டலுக்கு இல்லை.

எங்கள் ஆட்கள் கீழே எந்த ஊரிலிருந்து ஏறினார்கள் என்று எனக்கே தெரியாது. விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். தெரிந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வாசலில் நின்று, உங்கள் முன்னோர் வந்த ஊர் இருக்கும் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள்.

லைன் வீட்டு அக்கா,
சரோஜா