உள்வீட்டு ரிசீவர்

செப்டம்பர் 6, 2005. செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தலவாக்கலை பஸாரில் ஈ காக்கை இல்லை. ஈரத்துக்குப் போட்டோகொப்பி மெசினில் பேப்பர் சிக்கிக்கொண்டே இருந்தது. டெலிபோன் கோல் எடுக்க வந்ததும் ஓரிரண்டு பேர்தான்.

இவருக்கு மட்டும் இன்றைக்குத் தீபாவளி. கொழும்பிலிருக்கும் கூட்டாளி ஜீவராஜ் பழைய கம்பியூட்டர் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அதில் விண்டோஸ் இல்லையாம், லினக்ஸாம். "காசு குடுத்து வாங்கவும் தேவையில்ல, களவு கொப்பியும் இல்ல. யாரும் எடுத்துப் பாவிக்கலாம் சர்மி" என்றார். இதில் இன்டர்நெட் வந்துவிட்டால் ஹட்டனுக்கு ஓடுகிற சனமெல்லாம் நம்முடைய கொமினிகேஷன் கடைக்கு வருமாம். மோடம் மட்டும் வேலை செய்ய வேண்டும். மோடம் என்றால் டெலிபோன் லைனையும் கம்பியூட்டரையும் பேச வைக்கிற சாமான்.

கம்பியூட்டரைக் காசு மேசையில்தான் வைத்தார். அதற்கு முன்னால் இருக்கும் பிரம்பு நாற்காலி, நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து என்னுடையது. "இனி நீ இன்டர்நெட் மெடம்" என்று கேலி செய்தார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 11, ஞாயிறு

மோடமே இல்லை என்கிறது கம்பியூட்டர். மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சிவனே என்று இருக்கிறது. ஆனால் இல்லையாம்.

செப்டம்பர் 14, புதன்

வட்டகொடையிலிருந்து ஒரு பிள்ளை நோட்ஸ் கொப்பி எடுக்க வந்தாள். ஹம்சினி. கெம்பஸில் கம்பியூட்டர் படிக்கிறாள், ஸ்ட்ரைக் என்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். நம் கம்பியூட்டரைப் பார்த்ததும், காணாமல் போன சொந்தக்காரரைக் கண்ட மாதிரி, "ஐ, லினக்ஸ்!" என்றாள்.

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மோடம் கதையை ஒன்று விடாமல் கொட்டினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வின்மோடம் அண்ணா. பாதி வேலைய இது செய்யும், மீதிய விண்டோஸ்தான் செய்யணும். அது இல்லாட்டி இது சும்மா தகரம். வெளிய வச்சு வயர் பூட்டுற மோடம் ஒன்னு வாங்குங்க" என்றாள்.

நல்லது, சொன்னாள். சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? "கொஞ்சம் எழும்பு சர்மி, தங்கச்சி உக்காந்து பாக்கட்டும்" என்றார். எழும்பினேன். ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சி பிடிக்க நேரமாகும் வரை அவள் எழும்பவில்லை.

செப்டம்பர் 19, திங்கள்

மோடம் வாங்கக் கண்டிக்குப் போனார்கள். போனார்கள். இரண்டு பேரும். தெரியாத ஆள் போனால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவானாம்.

கல்யாணம் முடித்த புதிதில் கண்டியைப் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை தரம் கேட்டேன்? "கடைய யாரு பாக்குறது?" அன்றைக்குக் கடையைப் பார்க்க ஆள் இல்லை. இன்றைக்கு இருக்கு. நான்தான் அந்த ஆள்.

இருட்டுகிற நேரம் வந்தார். தன்னுடைய ஜெர்சியைக் கழற்றி மோடத்துக்குச் சுற்றியிருந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு, "ஹம்சினி இல்லாட்டி இன்னைக்கும் தகரம்தான் வாங்கியிருப்பேன்" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 22, வியாழன்

மோடம் கத்தியது. கிர்ர் என்று, கீச் என்று, பன்றியைப் பிடித்த மாதிரி. அதன் நெற்றியில் வரிசையாகச் சிவப்பு லைட்டுகள். "புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!" என்று இரண்டு பேரும் கத்துகிறார்கள். அவளுடைய பின்னலின் நுனி இவருடைய கைமேல் கிடக்கிறது. இவருக்கு அது தெரியவில்லையாக்கும்!

என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுப் பக்கம் வந்துவிட்டேன். லிந்துலையிலிருக்கும் என் தனுஜா அக்காவிடமாவது சொல்லி அழலாம் என்று உள்வீட்டுப் போனை எடுத்தேன். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே லைன், இரண்டு போன். காதில் அதே பன்றிச் சத்தம். பட்டென்று வைத்துவிட்டேன். உள்ளே ரிசீவரை வைத்தால் கடைப் போன் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும், எப்போதும் உள்ளதுதான். அது கேட்ட கையோடு இவர் குரலும் கேட்டது. "ஐயோ, விழுந்திருச்சே!"

திரையில் 'நோ கேரியர்' என்று வந்திருந்ததாம். எனக்குத் தெரிந்த கேரியர் சோற்றுக் கேரியர் ஒன்றுதான். நாளையிலிருந்து அவளுக்கு அதுவும் கிடையாது.

செப்டம்பர் 23, வெள்ளி

இன்றும் விழுந்தது. நல்லா விழட்டும்.

செப்டம்பர் 27, செவ்வாய்

வேலாயி அக்கா வந்திருந்தார். மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். மகள் மீனம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச நாளாகக் கோல் இல்லை. அந்த வீட்டு மெடத்தின் மகள் நல்ல பிள்ளையாம், மீனம்மாவின் போட்டோவைக் கம்பியூட்டரில் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். இவரும் நம் கடை இமெயில் விலாசத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார். "வந்திருச்சாங்க தம்பி?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டு நாளுங்க" என்றார் இவர்.

இவரும் ஹம்சினியும் லைனைத் திட்டுகிறார்கள், மழையைத் திட்டுகிறார்கள். ஹம்சினி கறுப்புத் திரையில் என்னென்னவோ மாற்றி மாற்றி எழுதுகிறாள். நான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் போனோடு நின்று இடுக்கில் பார்த்தேன். சிவப்பு லைட் எல்லாம் எரிந்தது. ரிசீவரை எடுத்தேன். அணைந்தது.

அப்படியென்றால்... நானா?

மறுபடி பிடித்தார்கள். மறுபடி எடுத்தேன். அணைந்தது.

நான்தான்.

செப்டம்பர் 28, புதன்

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து, "உன்னைய மாதிரி மூளை எங்க வீட்ல யாருக்கும் இல்ல ஹம்சினி" என்றார். சரி. மூளை இல்லாத நான் போய் ரிசீவரை எடுத்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

இது என்ன வினை! லைன் விழ விழ அவள் கூட நேரம் இருக்கிறாள். கூட நேரம் இருந்தால் இருட்டுகிறது. இருட்டினால் இவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசன் வரை போய் ஏற்றிவிட்டு வருகிறார். ஒரே குடை. மோடம் சரியாகிவிட்டால் அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். அது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அந்தச் சிவப்பு லைட்டைக் கண்டால் கை தானாகப் போகிறதே, நான் என்ன செய்ய?

இன்றைக்கு, "சர்மி அக்கா, உங்க ரொட்டி நல்லா இருக்கும்னு அண்ணா சொன்னாங்க" என்றாள். என்னைப் பற்றி இவர் வெளியில் சொல்வது ரொட்டியைத்தான்.

அக்டோபர் 11, செவ்வாய்

ஆயுத பூசை. கடையைக் கழுவி, போட்டோகொப்பி மெசினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்பியூட்டருக்கும் வைத்தேன். கல்குலேட்டர், கத்தரிக்கோல், மோடம், கடைப் போன், உள்வீட்டுப் போன் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். போனின் வயரைக் கழற்றும்போது மனசில் ஒரு நிம்மதி. நாளைக்குச் சூடம் காட்டி நான் எடுக்கும் வரை எதையும் யாரும் தொடக்கூடாது. என்னையும் சேர்த்து.

அக்டோபர் 12, புதன்

இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விஜயதசமி அன்று கடையின் முதல் வேலையைத் தொடங்குவது நான். ஒவ்வொரு வருசமும் பிள்ளையார் சுழி போட்ட தாளைக் கொப்பி மெசினில் வைத்துப் பட்டனை அழுத்துவேன், அதற்குப் பிறகுதான் காசுப் பெட்டியே திறக்கும். இன்றைக்குக் காலையில் நல்ல நேரத்துக்கு ஹம்சினியும் வந்தாள். சூடம் காட்டிக் கடைப் போனையும் மோடத்தையும் மட்டும் நானே எடுத்துக் கொடுத்தேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? அவளை என் நாற்காலியில் உட்கார வைத்து, "இந்த வருசம் நீ தொடங்கு, உன் கை ராசி" என்றார்.

நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் தொடங்கினாள். பிடித்தது. விழவே இல்லை. சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வரை நின்றது. "சாமி கண்ணத் தொறந்துட்டாரு!" என்று இவர் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். சாமி எங்கே திறந்தார்? உள்வீட்டுப் போன் பூசையில் இருந்தது, அவ்வளவுதான். ஹம்சினி மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மறுபடி சூடம் காட்டி உள்வீட்டுப் போனையும் எடுத்து வயரைப் பூட்டினேன். கடையில் அவள் சிரிப்புக் கேட்டது. மோடம் கத்தியது. பிடித்தது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன். என் தாள், என் நாற்காலி, என் நல்ல நேரம்! எடுத்தேன். வைத்தேன். டிங்.

"ஐயோ, என் புள்ள!"

வேலாயி அக்காவின் குரல். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். திரையில் மீனம்மா. மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்த படம், நெற்றி வந்து, கண் வந்து, மூக்குக்கு மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

"கண்ணு வந்துச்சே தம்பி... வாயக் காணமே. அழுவுறாளா சிரிக்கிறாளான்னு தெரியலியே..."

நான் திரும்பி வந்து போனுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்துவிட்டேன். ரிசீவரை மறுபடி கையில் எடுத்திருந்தேன் போல. அந்த நேரம் ஹம்சினி திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அக்கா. உள்ள வேற போன் இருக்குன்னு அண்ணா சொல்லவே இல்லியே" என்றாள். "நானும் கேக்கல. அந்த 'டிங்' சத்தம் எங்கேருந்து வருதுன்னு தேடிக்கிட்டே இருந்தேன்."

ஏன் எடுத்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. நான் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

கடையில் இவர், "என்னா, என்னா ஆச்சு?" என்று தவித்துக்கொண்டிருந்தார். "லைன்ல ஒரு சின்னக் கோளாறு அண்ணா. சரியாயிருச்சு" என்றாள். அவள் காட்டிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

படம் மறுபடி முதலிலிருந்து வந்தது. நெற்றி. கண். மூக்கு. நான் வேலாயி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வந்தது. சிரிக்கிறாள்.

"மெலிஞ்சிட்டா" என்றார் வேலாயி அக்கா. திரைக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "பல்லு தெரியுது. சும்மா சிரிக்க மாட்டா அவ."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

கெம்பஸ் திறக்கிறார்களாம். ஹம்சினி வந்ததும் வராததுமாக, "நான் போனா இத யாரு பாக்குறது? உக்காருங்க அக்கா" என்றாள். "எனக்கு என்னா தெரியும்?" என்றேன். "போன் எடுக்குற கை கீபோட்ல இருந்தா லைன் விழாது" என்றாள். இவருக்குக் கேட்காத மாதிரிதான் சொன்னாள். வெடுக்கென்று திரும்பினேன். கண்ணைச் சிமிட்டுகிறாள், கள்ளி.

என் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். கறுப்புத் திரையில் நானே எழுதி, நானே லைனைப் பிடித்தேன். கண்டபடி சந்தோசம் வந்தது, அதை அவளுக்குக் காட்டவில்லை.

அக்டோபர் 17, திங்கள்

போய்விட்டாள். ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். ஸ்டேசனுக்கு நானும் இவருமாகப் போய் ஏற்றிவிட்டோம். குடை என் கையில்.

உள்வீட்டுப் போனின் வயரை மறுபடி பூட்டியாயிற்று. அவள் சொல்லிக் கொடுத்தபடி இவரே ஒரு தாளில் எழுதி அதற்கு மேல் ஒட்டியிருக்கிறார்: 'கடையில் சிவப்பு லைட் எரியும்போது போன் எடுக்கக் கூடாது.' ஒட்டும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 1, செவ்வாய்

தீபாவளி. குவைத்துக்கு வேலாயி அக்காவின் போட்டோவை அனுப்பினேன். புதுச் சேலை கட்டி வந்திருந்தார்.

நவம்பர் 22, செவ்வாய்

கடைக்குப் புதிதாக வாங்கிய பிரின்டரில் தமிழ் எழுத்து வரவில்லை, வெறும் பெட்டி பெட்டியாக வருகிறது. தமிழில் லினக்ஸ் பாவிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் மெயிலில் உதவி செய்கிற குழு ஒன்று இருக்கிறது என்று ஹம்சினி எழுதியிருந்தாள். கேட்டுப் பார்த்தேன். லண்டனிலிருந்து கிஷாந்த் என்று ஒருவர் அழகாக, ஒவ்வொரு படியாக விளக்கியிருக்கிறார். 'அன்புள்ள சர்மிளாவுக்கு' என்று தொடங்கி.

டிசம்பர் 2, வெள்ளி

பிரின்டர் சரியாகிவிட்டது. பள்ளிக்கூடத்து வாழ்த்து மடல் எல்லாம் நம் கடையில்தான். கிஷாந்துக்கு நன்றி எழுதினேன், பதிலும் வந்தது. 'உங்களைப் போல விரைவாகப் பிடித்துக்கொள்பவர்கள் குறைவு' என்று எழுதியிருக்கிறார். இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாரது கிஷாந்த்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் முடிச்ச ஆளா?" என்றார்.

"நான் எதுக்கு அதெல்லாம் கேக்குறேன்?" என்றேன்.

டிசம்பர் 9, வெள்ளி

பின்னேரம் மழை, கடையில் ஆளில்லை. கிஷாந்தும் லைனில் இருந்தார். நான் கேட்கக் கேட்க அங்கிருந்து உடனுக்குடன் பதில் எழுதிக்கொண்டிருந்தார். ஏதோ பகிடி எழுதினார், சத்தமாகச் சிரித்துவிட்டேன். உள்ளே இவர் ரேடியோவைக் குறைத்தது கேட்டது.

சிவப்பு லைட் எல்லாம் ஒன்றாக அணைந்தது. திரையில் 'நோ கேரியர்'. என் முழங்கைக்குப் பக்கத்தில் கடைப் போன் 'டிங்' என்றது.

 எழும்பி அடுப்படிக்குப் போய் இவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றினேன், இஞ்சியைக் கொஞ்சம் கூடவே தட்டிப் போட்டு. இவர் உள்வீட்டுப் போனுக்குப் பக்கத்தில், தான் ஒட்டிய தாளுக்குக் கீழே நின்றுகொண்டு, மழை எப்போது விடும் என்று கேட்டார்.