அம்மாவின் கழுத்தில் கத்தி படாது

அன்பு மகள் ரெனீக்கு அப்பா எழுதுவது, மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்கத் தினமும் மன்றாடுகிறோம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி. அம்மாவின் ஞாபக மறதிக்கு நீயும் உன் பிரான்க்ளின் மாமாவும் முடிவு செய்து வைத்திருக்கிற கழுத்து ஆபரேஷன் நடக்காது.

போன சனிக்கிழமை உன் மாமா என்னை மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். மேடையில் ஹரிதாஸ் என்று ஒருவன், டாக்டர் இல்லை, ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். மூளையில் தேங்குகிற அழுக்கு கழுத்திலுள்ள நிணநீர்க் குழாய் வழியாக இறங்குமாம், அந்தக் குழாயை ஒரு ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அழுக்கு வடிந்து நினைவு திரும்பிவிடுமாம், ஏதோ அடைத்த லொங்காங் சாக்கடையைக் குத்திவிடுகிற மாதிரி சொன்னான். திரையில் ஒரு கிழவரைக் காட்டினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தலை கலைந்து இருட்டில் இருந்தார், பின்னால் சவரம் செய்து நல்ல சட்டையில் வெளிச்சத்தில் சிரித்தார். தலை வாரி நல்ல சேலை கட்டி ஜன்னலோரம் உட்கார வைத்தால் உன் அம்மாவும் குணமானவள் மாதிரிதான் தெரிவாள், அதற்குக் கத்தி எதற்கு. இதை அதிகம் செய்த சீனாவிலேயே அரசாங்கம் நிறுத்தச் சொல்லிவிட்டதாமே என்று எழுந்து கேட்டேன். அம்மாவைப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னது அது, பலன் உண்டென்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே, அங்க நிறுத்துனா என்ன அங்கிள், நாங்க வேற நாட்டுலதான செய்றோம், பயப்படாதீங்க லா என்றான். ஒரு தெருவில் விரட்டினால் அடுத்த தெருவில் பாயை விரித்து லேகியம் விற்கிறவனுக்கும் இவனுக்கும் கோட்டுதான் வித்தியாசம். உன் மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான், மானம் போகிறதாம். கிறிஸ்மஸ் கேக் தின்ன மட்டும் அக்காள் வீட்டுக்கு வருகிறவனுக்கு மானம்.

அன்று நிவேந்திரன் என்கிற பையனும் மேடையேறி, தன் அம்மா மங்களத்துக்கு இதே ஆபரேஷனில் குணமானது என்று பேசினான். வீடு அலோர் காஜா என்றான், விசாரித்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கூடத்தில் இருந்தார். நான் கும்பிட்டதும் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார், தண்ணீர் கொடுக்கப் போனாலும் பொத்திக்கொள்கிறார். வாசலுக்கு வந்த பிறகுதான் நிவேந்திரன் வாயைத் திறந்தான். மொத ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்தாங்க அங்கிள், அந்த சந்தோஷத்துல பேச ஒத்துக்கிட்டேன், இப்ப முன்ன விட மோசம், என் கையால ஊட்டுனா சாப்பிடுவாங்க, இப்ப கிட்டவே விட மாட்டேங்கறாங்க என்றான். பிறகு ஏன் போய்ப் பேசினாய் என்றேன். வெட்டக் கொடுத்தது நான்தான அங்கிள், அது வீணுன்னு எந்த வாயால சொல்றது என்று அழுதான். அவனை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் மாமா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கதான் அக்கா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று கழுத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். உன் அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, யாருங்க இவரு, பசி போல, என்னென்னவோ பேசறாரு, சோறு போடுங்க என்றாள். போட்டேன். தின்று கை கழுவியதும், இனி இந்தப் பேச்சோடு இந்த வாசல் மிதிக்காதே என்று அனுப்பிவிட்டேன்.

உனக்கும் சொல்கிறேன், இவ்வளவு படித்த பிள்ளை ஒரு வீடியோவைப் பார்த்து ஏமாந்தாயே. தூரத்தில் இருப்பதால் எதையாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கிறாய், அது தெரியும், அதற்கு உன் அம்மாவின் கழுத்து கிடைத்ததா. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், சாயங்காலம் கிளேபாங் கடலோரம் கூட்டிப்போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நான் யாரென்று சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை, கையை மட்டும் விடுவதில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்றை மறக்காதே. கூப்பிடும்போது நான் யாருன்னு தெரியுதா என்று அம்மாவுக்குப் பரீட்சை வைக்காதே, போன தடவை நீ கேட்ட பிறகு ஏதோ தப்பு செய்தவள் மாதிரி பொழுது சாயும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் ரெனீ, உங்க மக என்று நீயே முதலில் சொல்லிவிடு. தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் அப்பா,
அல்போன்ஸ்
புக்கிட் ரம்பாய்