கச்சான் ஆகாது

யூன் 16, திங்கள்

கச்சான் காற்று மூன்றாவது நாளாக. சோற்றில் மண், தலையில் மண், பல்லில் மண். கொடியில் காய்ந்த அப்பாவின் சாரம் பக்கத்து வீட்டு முருங்கையில். போய் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

காலையில் அம்மா: "பாலை ஊற்று." நான்: "ஓம், பாலையூற்றுதான். திருகோணமலை மாவட்டம்." அகப்பைக் காம்பால் ஒன்று. இந்த இடத்தில் குடியிருக்கும்வரை இந்தப் பகிடிக்கு வயது போகாது.

செய்ய வேண்டியவை: கோப்பைகள் கழுவ. பாய் தட்ட. கணிதத்தை நினைக்காமல் இருக்க.

(சாதாரண தரப் பரீட்சை எழுதியாயிற்று. பெறுபேறு வரும்வரை வெறும்பேறு. வீட்டின் முன்பக்கத்தில் அம்மா நடத்தும் பகல் பராமரிப்பில் சம்பளமில்லாத சிப்பந்தி. பதினான்கு குட்டிகள், பதினான்கு மூக்குகள்.)

இன்றைய சிரிப்பு: ஹசீனா ராத்தா, அதாவது ஹசீனா அக்கா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் உதவி ரீச்சர். வந்து மூன்று கிழமை. (இனி ஹ.ரா. கை நோகிறது.) இன்றும் கவினுக்குக் காது மூடும் தொப்பி போட்டு, அவன் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியும் செருகினார். நாலு வயதுக் கவின் இடியப்பத் தட்டு மாதிரி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தான்.

காரணம் நான். யாருக்கும் தெரியாது. மண் பறக்கிறதற்காக என்று அம்மா நினைக்கிறார்.

எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்று சுவர் அட்டவணை எழுதும் வேலையைச் சித்திரையில் அம்மா என்னிடம் தந்தார். தலைப்பு "ஆகாதவை". கீழே பெயர், பக்கத்தில் படம். கவினுக்கு நேரே "கச்சான் ஆகாது". யாழ்ப்பாணத்திலிருந்து துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த அவனுடைய அம்மா படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார். தின்கிற கச்சான். வறுத்துச் சுருளில் விற்கும் கடலை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே கச்சான் என்றால் காற்றும்தானே. கை சும்மா இருக்கவில்லை. கன்னம் உப்பிய ஒரு காற்று மாமா. எதிரே தொப்பி பறக்க ஒரு பொடியன். அம்மா எழுத்தை மட்டும் வாசித்து "சரி" என்றார். ஹ.ரா. படத்தைத்தான் பார்த்தார்.

சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒரு கிழமை போகட்டும். தொப்பிக்குள் அவன் முகம் அவ்வளவு பகிடி.

யூன் 17, செவ்வாய். பின்னேரம்

கவின் உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதுகிறேன்.

அம்மா ஒன்பது மணிக்குக் கூட்டத்துக்குப் போனார். மிதுனாவுக்குப் பிறந்தநாள். அவளுடைய அம்மா சத்துமா உருண்டை கொண்டுவந்தார். வாசலில் ஹ.ரா. விசாரித்தது குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"உள்ளுக்கு என்ன போட்டிரிக்கீங்க?"

"பயறு, சர்க்கரை, வறுத்தரைச்ச கச்சான். முட்டை கிட்டை ஒண்டும் இல்லை."

"அப்ப சரி. இங்க ஒரு புள்ளைக்கு முட்டைதான் ஆகாது."

கேட்டார். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

நான் இரண்டு தின்றேன். கச்சான் ருசி நாக்கில் தெரிந்தது. கவின் ஞாபகம் வரவில்லை.

பிறகு இருமல். ஒரு பிள்ளையின் இருமல், வழமைதான். ஹ.ரா.வின் குரல்: "காத்துப் பட்டிட்டு போல. வாங்க மகன், தொப்பியைப் போடுவம்." ஜன்னல் சாத்தும் சத்தம். மற்ற ஜன்னலும். இருமல் நிற்கவில்லை. நாய் குரைப்பது மாதிரி மாறியது. அப்போதுதான் எழும்பிப் போனேன்.

உதடு வீங்கி வெளியே தள்ளியிருந்தது. கழுத்து முழுவதும் தடிப்பு. தொப்பி தலையில். கையில் பாதி உருண்டை.

"ராத்தா, கச்சான்" என்று கத்தினேன்.

"ஓம் ஓம், அதான் எல்லாத்தையும் சாத்திட்டன்."

இதை எத்தனை தரம் எழுதினாலும் அதே வசனம்தான். அதான் எல்லாத்தையும் சாத்திட்டன்.

ஆகாததைத் தின்றால் குத்தும் மருந்து ஊசிப் பேனை பூட்டிய குசினி அலுமாரிக்குள். திறப்பு அம்மாவின் கைப்பையில். அலுமாரியின் பின்பலகை கழலும், மில்க் டொபி திருடிப் பழகிய வழி. கையை விட்டு எடுத்தேன். அந்தப் பேனையைச் சித்திரையில் கவினின் அம்மா எங்கள் அம்மாவுக்குப் பழக்கினார்: நீல மூடியைக் கழற்று, செம்மஞ்சள் முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்து, கிளிக் கேட்டபின் மூன்று எண்ணு. அன்று அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று தலையணைக்குக் குத்திக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தேன். அந்தக் கூத்துத்தான் கைக்கு ஞாபகம் இருந்தது.

காற்சட்டைக்கு மேலாலேயே குத்தினேன். கிளிக். ஒன்று, இரண்டு, மூன்று.

ஹ.ரா. முகம் கழுவ அவனைப் பைப்படிக்கு நடத்தப் பார்த்தார். "நடக்க விடக்கூடாது" என்று தள்ளிவிட்டேன். அதுவும் அவனுடைய அம்மா சொன்னதுதான். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் இழுத்தது. காலை நீட்டி உட்காரவைத்து என் நெஞ்சில் சாய்த்தேன். ஹ.ரா. அம்புலன்ஸுக்கு அடித்தார், விலாசத்தை இரண்டு தரம் தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு மூச்சும் விசில். பதின்மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் அழவில்லை. மிதுனா மட்டும்: "எனக்கு இன்னும் ஹாப்பி பேர்த்டே பாடேல்ல."

அம்புலன்ஸ் வரமுன்னர் இழுப்புக் கொஞ்சம் இறங்கியது. இறங்கினாலும் கொண்டுபோக வேண்டும் என்றார்கள், சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வரலாமாம். நாளை வரை ஆஸ்பத்திரி வாட்டில்.

அம்புலன்ஸில் நானும் போனேன். டொக்டர் என்னிடம்: "பேனை குத்தினது நீங்களா? கெட்டிக்காரி."

வீட்டுக்கு வந்தபோது ஹ.ரா.வும் பிள்ளைகளும் போய்விட்டார்கள், அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில். செய்தது: அட்டவணையைக் கழற்றினேன். புது அட்டை. அதே எழுத்து, அதே நிறம். கவினுக்கு நேரே ஒரு கச்சான் கோது, பக்கத்தில் இரண்டு பருப்பு. அதே ஆணியில் மாட்டினேன். பழையதைச் சுருட்டி என் பாய்க்குள். கோடு ஒன்றும் பிசகவில்லை. வடிவாகவும் வந்தது.

யூன் 18, புதன்

பிள்ளைகள் இல்லை. இன்று நாளை விடுமுறை என்று அம்மா எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். காற்று மட்டும் வந்திருக்கிறது.

ஹ.ரா. வந்தார். கண் சிவந்து. அம்மா உட்காரக் கதிரை கொடுக்கவில்லை.

"அட்டவணையில எழுதியிருக்கு. பிறகு எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"ரீச்சர், எழுத்துத் தெரியும். படத்தைப் பார்த்துத்தான் காத்து எண்டு நினைச்சன். கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதிற மாதிரி..."

"எங்க, காட்டுங்கோ."

மூவரும் சுவருக்குப் போனோம். ஹ.ரா. அட்டைக்குக் கிட்டப் போனார். விரலால் அந்தக் கோதைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்த மையா ஈரமா என்று பார்ப்பது போல.

"இது நேத்து இல்ல."

"ஹசீனா, பிழை விட்டா விட்டது எண்டு சொல்லுங்கோ. கதை கட்டாதேங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். சந்தேகப்படவில்லை. அதுதான். உதவிக்குத் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்களும் கண்டிரிப்பீங்க தானே?"

"நான் கவனிக்கேல்ல."

பகிடி கலக்காமல் அம்மா முன்னால் நான் சொன்ன வசனம் இது ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா உடனே நம்பினார்.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அம்மா சொன்னார். ஹ.ரா. குடையை மறந்துவிட்டுப் போனார்.

யூன் 20, வெள்ளி

கவின் முந்தாநாளே வீட்டுக்குப் போய்விட்டான். சாப்பிடுகிறானாம்.

முன்பள்ளி அலுவலர் வந்தார். புது ஒழுங்குகள், அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது:
வெளிச் சாப்பாடு இனி உள்ளே வராது, பிறந்தநாளுக்குப் பென்சில் போதும்.
ஊசிப் பேனை பூட்டாத தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாமல், பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய.
புதிதாக வருபவருக்கு வாயாலும் சொல்ல வேண்டும், அட்டையை நம்பி இருக்கக் கூடாது. (இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.)
மாதம் ஒரு தரம் எல்லோரும் குத்திப் பழக வேண்டும். தலையணைக்கு.

அலுவலர் அட்டவணையைப் போனில் படம் எடுத்தார். மற்ற நிலையங்களுக்குக் காட்டவாம். "ஆர் கீறினது? நல்ல தெளிவு."

சந்திக் கடையில் சீனி வாங்கும்போது பின்னால் இரண்டு பேர்:

"படமே போட்டு வச்சிருக்கினமாம். பிறகும் குடுத்திருக்கு அந்தப் பிள்ளை."

"இனி ஆர் அவவை நம்பிக் குழந்தையைக் குடுக்கிறது."

கடைக்காரர் எனக்கு ஒரு டொபி இலவசமாகத் தந்தார், உயிர் காத்ததற்கு. சட்டைப் பையில் உருகிக் கிடக்கிறது.

என் அறைக் கதவுக்குக் கீழே காற்று நுழையும்போது ஒரு சத்தம். நீளமாக, மெல்லிசாக. கவின் என் நெஞ்சில் சாய்ந்து மூச்சு இழுத்த அதே சத்தம். பகலிலும் கேட்கிறது. பழந்துணி செருகினேன். செருகிய பிறகுதான் என் கை செய்கிற வேலை யாருடையது என்று தெரிந்தது. உருவி எறிந்தேன். கேட்கட்டும்.

யூன் 23, திங்கள்

கவின் வந்தான். தானே தொப்பி போட்டுக்கொண்டு.

வாசலில் நின்றுவிட்டான். முற்றத்தில் காற்று. தன் அம்மாவின் சேலைக்குள் முகம். உள்ளே தூக்கி வந்தபின் ஜன்னலடியில் போய் நின்று கைநீட்டி: "சாத்துங்கோ."

"ஏன் ராசா?" நான்.

"கச்சான் வந்து என்ர தொண்டையைப் பிடிச்சது. ராத்தா சாத்தினவ. அவ சாத்த முந்தி அது வந்திட்டுது." பிறகு: "ராத்தா எங்க? அவ இல்லாட்டி அது திரும்ப வரும்."

அவனுடைய அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வீட்டிலயும் இதுதான். ஃபானும் போட விடுறானில்லை. எங்கட பக்கம் இந்தக் காத்துக்குச் சோளகம் எண்டுதான் பேர். கச்சான் எண்டு காத்துக்கும் பேர் இருக்கெண்டு இவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆர் இவனுக்குச் சொன்னது?"

அம்மா: "இங்க எல்லாரும் சொல்லுறதுதானே."

நான் பாய் தட்டினேன். தட்டிய பாயையே தட்டினேன்.

பத்து மணிக்கு அவனைச் சோதித்தேன். தாளில் கச்சான் கோது கீறி, இது என்ன என்றேன். "நிலக்கடலை." அவனுடைய சித்தி இந்தியாவிலிருந்து அனுப்பும் படப் புத்தகத்தில் அந்தப் பெயராம். "தின்னலாமா?" "தெரியாது." இது என்ன என்று காற்று மாமாவைக் கீறினேன். கதிரைக்குக் கீழே போய்விட்டான். அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

அவன் ஓட வேண்டிய சாமானைப் பார்த்து ஓடவில்லை. நான் கீறியதைப் பார்த்து ஓடுகிறான்.

யூன் 24, செவ்வாய்

காலை ஏழே கால் கிண்ணியா பஸ். அம்மாவிடம் வகுப்பு என்று சொன்னேன். பாய்க்குள் இருந்த பழைய அட்டையைச் சுருட்டிப் பத்திரிகையில் சுற்றிக் கையில். பாலத்தில் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. ஜன்னலோரம் இருந்த நான் ஒரு கணம் பிடியைத் தளர்த்தினேன். எழுதத்தான் வேண்டும். தளர்த்தினேன். பிறகு இறுக்கிக்கொண்டேன்.

ஹ.ரா. வீட்டு வாசலில் தையல் மெஷினோடு. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது: "கவின் வந்தானா? சாப்பிடுறானா?"

விரித்துக் காட்டினேன். மூலைகளை அவரும் பிடிக்க வேண்டி இருந்தது, காற்று.

அவருக்குக் கோபம் வரும் என்று ஆயத்தமாகப் போனேன். வரவில்லை. காற்று மாமாவின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கிழமையா எனக்குப் புத்தி பிசகிட்டெண்டு நினைச்சன், தங்கச்சி. இல்லாத படம் கண்ணில எப்பிடி வரும் எண்டு. உம்மா ஓதித் தண்ணி குடுத்தாங்க."

நான்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா. நான் பகிடிக்குத்தான்..."

"அந்தப் புள்ள இருமக்குள்ள நான் ஜன்னல் சாத்திக்கிட்டு நிண்டன். அது பகிடியா எண்டு எனக்குத் தெரியா." அட்டையைச் சுருட்டி என் கையில் தந்தார். "இத எனக்கிட்ட ஏன் கொண்டாந்தீங்க? நான் கண்டது எனக்குத் தெரியும். காணாத ஆளுக்கிட்டக் காட்டுங்க."

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். சீனி போட்டிருந்தார்.

மதியம். பிள்ளைகள் நித்திரை. அம்மா குசினி மேசையில் வரவுப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார். கவினின் அம்மா மூன்று மணிக்கு வருவார், இரண்டு பேருக்கும் ஒரே தரத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அது தள்ளிப்போடுவதுதான். தள்ளிப்போடவில்லை.

"அம்மா, கூட்டத்துக்குப் போன அண்டைக்குச் சுவரில இருந்தது இதுதான். ஹசீனா ராத்தா சொன்னது உண்மை. மாத்தினது நான்."

விரித்தேன். ஒரு மூலைக்குச் சீனிப் போத்தல், மறுமூலைக்கு என் கை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவினின் பெயருக்கு நேரே பார்த்தார். உப்பிய கன்னம், பறக்கும் தொப்பி, வாயைப் பிளந்த பொடியன்.

முதலில் சிரித்துவிட்டார்.