சாம்பல் நிறத்தில் போன கார்

மார்ச் 3, செவ்வாய்

நான்கு நாளைக்கு வேண்டுமென்று மனைவியின் தம்பி வாங்கிச் சென்ற என் கார், பதினொன்றாம் நாளான இன்று திரும்பி வந்தது. போனபோது சாம்பல் நிறம். வந்தபோது மயில்கழுத்து நிறம்.

கை தவறி எழுதவில்லை. மயில்கழுத்து. துணிக்கடையில் சொல்வார்களே, அதேதான்.

"எப்படி இருக்கு அத்தான்?" என்றான். "கேட் தூண்ல உரசிடுச்சு. ஒரு கதவுக்கு மட்டும் அடிச்சா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்னாங்க. அதான் முழுசா அடிச்சிட்டேன். உங்களுக்கு ஒரு காசு செலவில்ல."

"யாரைக் கேட்டு அடிச்ச?"

தன் செருப்பைப் பார்த்தான். "தப்புதான் அத்தான்."

என் காருக்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய இவன் யார்?

நான் குரலை உயர்த்தவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, வண்டி பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். ஞாயிறு தவறாமல் மதியம் இங்கே சாப்பிடுகிறவன். என் மனைவிக்கு உறவென்று மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். தெரிந்துதான் சொன்னேன். அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 4, புதன்

புள்ளியியல் துறைத் தலைவரின் கார் எங்கே நிற்கிறதென்று கல்லூரியில் இனி எவரும் தேட வேண்டியதில்லை. மூன்றாம் மாடியிலிருந்தே தெரிகிறது. "உங்க வண்டி தோகை விரிச்சு ஆடுமா?" என்று இயற்பியல் பேராசிரியர் கேட்டார். ஆடாது என்று பதிலளித்தேன்.

காலையில் நீலமாக இருக்கிறது. மாலையில் பச்சை. ஒரு நிலையில் நில்லாத நிறம்.

மார்ச் 7, சனி

பெயிண்ட் பட்டறைக்குச் சென்றேன். பெயிண்டர் வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார். "அடிச்சவன் கைகாரன் சார். ஒரு சொட்டு வழியல. இதப் போய் ஏன் சார் அழிக்கணும்?"

நான் கேட்டது செலவை, அபிப்பிராயத்தை அல்ல. அவர் விவரித்தது: கண்ணாடி ரப்பர், கைப்பிடி, விளக்குகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். இருக்கும் பூச்சைத் தேய்த்து இறக்காமல் அதன்மேலேயே அடித்தால், கனம் தாங்காமல் பின்னால் பாளம் பாளமாகப் பெயரும். தேய்க்க நான்கு நாள். பள்ளங்களில் பட்டி பூசிக் காயவைக்க ஒரு நாள். பிறகு பிரைமர், நிறம் இரண்டு கோட், பளபளப்புக்கு மேலே ஒரு கோட். ஆக மூன்று வாரம். செலவு, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு.

"இன்னொண்ணு சார். எந்தச் சாம்பல்?"

"ஏற்கெனவே இருந்த சாம்பல்."

"கம்பெனிலேருந்து வந்த சாம்பலா, பதினாலு வருஷ வெயில்ல வெளுத்த சாம்பலா? கம்பெனி பெயிண்ட் நம்பரப் பாத்துக் கலந்தா மொதல்ல இருந்ததுதான் வரும். நீங்க பாத்துப் பழகினது அது இல்லயே."

முன்பணம் கொடுத்தேன்.

கதவைத் திறந்து காட்டினார். உள்ஓரங்களில் பழைய சாம்பல் அப்படியே இருக்கிறது. "இத விட்டுட்டாங்க பாருங்க. கையில காசு தீந்துபோச்சு போல."

மார்ச் 8, ஞாயிறு

மதியம் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

மார்ச் 10, செவ்வாய்

வாகனப் பதிவு அலுவலகம். "உரிமையாளரின் ஒப்புதலின்றி நிறம் மாற்றப்பட்டமை குறித்து" என்ற தலைப்பில் இரண்டு பக்கப் புகார். எழுத்துப்பிழை இல்லை. எழுத்தர் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"நிறம் மாத்த ஏற்கெனவே மனு வந்திருக்கே சார். போன மாசம் இருபத்தி மூணாம் தேதி. ஓனரே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"நான் போடலயே."

"நீங்க யாரு சார்?"

திரையை என் பக்கம் திருப்பினார். உரிமையாளர் என்ற இடத்தில் மனைவியின் பெயர். பெண்கள் பெயரில் வாங்கினால் கடன் வட்டி அரை சதவீதம் குறைவு என்பதால், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானேதான் அவள் பெயரில் பதிவுசெய்தேன். புள்ளியியல் படித்தவன் அல்லவா. பிறகு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

"கணவர்" என்றேன்.

"ஓனர வரச் சொல்லுங்க சார். நிறம் மயில்கழுத்துன்னு எழுதியிருக்காங்க. எங்க பட்டியல்ல அது கிடையாது. நீலமா, பச்சையா, அவங்க வந்து சொல்லணும்."

புகாரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீதானா என்று கேட்டேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உரசினது அவன்தான். அழுதுக்கிட்டே போன் பண்ணான். முழுசா அடிக்கணும், எந்தக் கலர் அக்கான்னு கேட்டான். சொன்னேன்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலயா?"

"வண்டி வாங்கினப்ப கடைக்காரர் எந்தக் கலர்னு உங்களப் பாத்துக் கேட்டாரு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள சாம்பல்னுட்டீங்க. தூசி தெரியாதாம்."

தூசி தெரியாது என்பது உண்மை.

"சரி, அவன் ஏன் அன்னைக்கு உன் பேர எடுக்கல?"

"அக்காவத் திட்டறதுக்கு என்னையே திட்டட்டும்னான். நானாவது சொல்லியிருக்கணும். உங்ககிட்ட பயம்லாம் இல்ல. பேசிப் பேசியே மறுபடி சாம்பலாக்கிடுவீங்க."

நறுக்கி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாக இருக்கலாம்.

மார்ச் 11, புதன்

அவன்மேல் கோபத்தை வைத்திருக்க இனிக் காரணம் போதவில்லை. அவள்மேல் வைக்க ஆவணங்கள் இடம் தரவில்லை. கோபம் மட்டும் குறையாமல் இருக்கிறது.

மார்ச் 14, சனி

பட்டறைக்குப் போய் சாம்பல் வேண்டாம் என்றேன். முன்பணம் திரும்ப வராது. சாம்பலைக் கலந்துவிட்டார்களாம். அந்தத் தொகைக்கு ஈடாகக் கதவின் உள்ஓரங்களை மயில்கழுத்தில் அடித்துத் தருமாறு சொன்னேன். பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கலவை எண்ணை மட்டும் கேட்டார்.

அந்த எண் இருப்பது மைத்துனனிடம். அழைத்தேன். ஓர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து "அத்தான்". குறித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ஒரு மணிக்கு வந்துடு" என்றேன்.

"வண்டி இன்னும் சாம்பலாகலயே அத்தான்?"

"ஆகாது. ஒரு மணி."

மார்ச் 15, ஞாயிறு

மூன்று தட்டு.

மார்ச் 23, திங்கள்

பதிவு அலுவலகத்துக்கு இருவரும் போனோம். எழுத்தர் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, "நீலமா பச்சையா சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் என் அருகில்தான் நின்றாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. பிறகு பதினொன்று இருபத்தொன்று.

"பச்சை" என்றாள்.

என் கருத்தில் அது நீலம். இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.