ஐந்தாவது வாக்கும் ஒட்டிய உறையும்

மார்ச் 3, செவ்வாய்

1. இதை எழுதுபவன் ஐம்பத்தாறு வயதான வழக்கறிஞன். கல்லூரி அறக்கட்டளையின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவன்.

2. நிறுவனர் எழுதிய பத்திரப்படி முதல் மாடி அறிவியல் துறைகளுக்கு மட்டுமே உரியது. இருபது ஆண்டுகளாக அங்கே அரசியல் அறிவியல் துறை இயங்குகிறது. அது அறிவியல்தானா என்று வேதியியல் துறைத் தலைவர் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். இல்லையென்று தீர்மானித்தால், வேறு இடமில்லாமல் துறை மூடப்படும்.

3. அத்துறையின் ஒரே ஆசிரியர் என் மனைவியின் தம்பி.

மார்ச் 5, வியாழன்

உறவைச் சொல்லி, வாக்கெடுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக அறக்கட்டளைத் தலைவரிடம் தெரிவித்தேன். "நீங்க விலகினா ரெண்டுக்கு ரெண்டு. அப்புறம் நான் யார்கிட்ட போய் நிக்கறது? உறவைப் பதிவு பண்ணியாச்சு, உக்காருங்க சார்" என்றார். படியிறங்கும்போது வேதியியல்காரர் வேறு: "உங்க மச்சினன்கிட்ட ஒரு சோதனைக் குழாயாவது இருக்கா?"

மார்ச் 9, திங்கள்

மைத்துனன் சாப்பிட வந்திருந்தான். "நடக்கப்போறதை முன்கூட்டியே சொல்ல முடியாதுன்னா, அதை எப்படிப்பா அறிவியல்னு எழுதறது?" என்றேன். தாள் ஒன்று கேட்டு வாங்கி ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டினான். "ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம் பிரிங்க அத்தான்." ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவரும் கையெழுத்திட்டோம். முன்னதாகப் பார்த்தால் சாட்சியம் கெட்டுவிடும்.

மார்ச் 11, புதன்

என் குறிப்புகளை மூன்றாம் முறை படித்தேன். அவன் பக்கமே கனமாக இருக்கிறது. இருந்து என்ன?

மார்ச் 12, வியாழன்

துறைக்கு எதிராக வாக்களித்தேன். மூன்றுக்கு இரண்டு. என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது — இதை எழுதிவிட்டு இவ்வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

உறையைப் பிரித்தேன். "அத்தான் எங்கள் பக்கமே நியாயம் என்று நினைப்பார்; எதிராகப் போடுவார். இக்கல்லூரியின் பழைய கூட்டக் குறிப்புகளில், உறவைப் பதிவு செய்துவிட்டு வாக்களித்தவர்கள் பதினாறு பேர். பதினான்கு பேர் உறவினருக்கு எதிராகவே போட்டிருக்கிறார்கள்."

பதினைந்தாவது ஆள் நான். வாக்கை மட்டுமல்ல, என்னையே அளந்து வைத்திருக்கிறான்.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இதுக்கு எதுக்கு உறை? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சொன்னதும் அறிவியலா? தெரியலை. எனக்கு ஒண்ணும் தெரியலை.

மார்ச் 16, திங்கள்

அறக்கட்டளைத் தலைவருக்கு மனு எழுதினேன்:

1. என் வாக்கு சான்றுகளிலிருந்து எழுந்ததன்று. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி எழுந்தது.

2. நான் வைத்த சோதனையில் அத்துறை தேறியது. நான் தேறவில்லை.

3. மறு வாக்கெடுப்பு கோருகிறேன். அதில் ஆதரவாக வாக்களிப்பேன்.

புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த மைத்துனனிடம், மனைவியின் சாட்சிக் கையெழுத்தோடு அதை எடுத்துப்போய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தான்.

"இதை நான் எதிர்பாக்கவே இல்ல அத்தான்."

"அப்ப உன் அறிவியல்?"

"பேனா குடுங்க."

பயனடைபவனின் சாட்சிக் கையெழுத்து எடுபடாது. நாலு பேர் பேசுவார்கள். தெரிந்தேதான் வாங்கினேன்.

ஒப்பம்: ஐந்தாவது உறுப்பினர்
சாட்சிகள்: 1. என் மனைவி
2. அவள் தம்பி, அரசியல் அறிவியல் ஆசிரியர்